நாய் உறுமினால் அடிக்காதீர்கள்

எங்கள் நாய் மணி சாப்பிடும்போது கிட்டப் போனால் உறுமுவான். பழக்க வந்தவர், "நீங்கதான் தலைவன்னு அவனுக்குக் காட்டணும்" என்று சொல்லி, கழுத்தைப் பிடித்துத் தரையோடு அழுத்தினார். மணி வாலை இடுக்கிக்கொண்டு, உதட்டை நக்கி நக்கி, என்னைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அந்த முகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. அன்றோடு அவரை நிறுத்திவிட்டேன்.

அப்புறம்தான் தேடிப் படித்தேன். இந்தத் 'தலைவன்' பேச்சுக்கு வேர், அடைத்து வைத்த ஓநாய்கள் தலைமைக்குப் போட்டி போடுவதைப் பார்த்து, விலங்கு நடத்தை ஆய்வாளர் ருடால்ஃப் ஷெங்கல் 1947இல் எழுதியது. காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, குட்டிகள் உள்ள குடும்பம்தான் என்று ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் 1999இல் விளக்கிவிட்டார். விலங்கு நடத்தைக்கான அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கமும் 2021இல், எல்லா நாய்களுக்கும் பரிசு கொடுத்துப் பழக்கும் முறையையே பரிந்துரைத்தது.

உறுமல் ஓர் எச்சரிக்கை. அடித்து அடக்கினால் பயம் போகாது, எச்சரிக்கைதான் போகும். அடுத்த தடவை நேராகக் கடிக்கலாம். அதுவும் திடீரென்று ஆரம்பித்த உறுமல் என்றால் முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள், எங்காவது வலி இருக்கலாம்.

இப்போது நாய் பழக்குபவர் யாரிடம் போனாலும் நான் கேட்பது இதுதான்: நாய் சரியாகச் செய்தால் என்ன செய்வீர்கள்? தப்பாகச் செய்தால்? பதிலை மழுப்பினால் வேண்டாம். ஒரே வாரத்தில் மாற்றிக் காட்டுகிறேன் என்பவரும் வேண்டாம். நம் கண்ணுக்கு மறைவாகப் பழக்குகிறேன் என்றால் வேண்டவே வேண்டாம்.

மணி விஷயத்தில், தள்ளி நின்று அவன் தட்டுப் பக்கம் அவனுக்குப் பிடித்த துண்டு ஒன்றைப் போட்டுவிட்டு விலகிவிடுவோம். நாள் போகப் போகக் கொஞ்சம் நெருங்கினோம். நேற்று நான் பக்கத்தில் போனபோது, தட்டிலிருந்து தலையைத் தூக்கி வாலாட்டினான்.