ஒரு வருடத்துக்குள் போகவேண்டிய டொலர்

2022 ஜனவரி 8, கொழும்பு

டிசம்பர் முடிவுக்கான கணக்கு வந்துவிட்டது. அந்நியச் செலாவணி ஒதுக்கு 3.1 பில்லியன் டொலர். நவம்பர் முடிவில் 1.6 பில்லியனாக இருந்தது ஒரே மாதத்தில் இரட்டித்துவிட்டது என்று சந்தோஷமாகச் சொல்கிறார்கள். கூடியதில் பெரும்பங்கு சீன மத்திய வங்கியுடனான 10 பில்லியன் யுவான் பரிமாற்று வசதி (எங்கள் ரூபாவைக் கொடுத்து அவர்கள் நாணயத்தை வாங்கி, தவணை வந்ததும் திருப்பிக் கொடுக்கும் ஏற்பாடு), டொலரில் ஏறத்தாழ 1.5 பில்லியன். இரவல் நகை போட்டுக்கொண்டு கல்யாண வீட்டுக்குப் போவதுதான் இது. கையில் இருந்த சொந்தத் தங்கத்திலோ பாதிக்கும் மேல் விற்றாயிற்று.

மத்திய வங்கி மாதாமாதம் இன்னொரு அட்டவணையும் வெளியிடுகிறது, அதைத்தான் எல்லாரும் பார்க்க வேண்டும். 1997 ஆசிய நிதி நெருக்கடிக்குப் பிறகு சர்வதேச நாணய நிதியம் (ஐ.எம்.எஃப்.) கொண்டுவந்த படிவம் அது. 1997இல் தாய்லாந்து கையில் நிறைய டொலர் இருப்பதாகக் காட்டிக்கொண்டே இருந்தது, உள்ளே பார்த்தால் 23 பில்லியனுக்கு மேல் ஏற்கெனவே முன்பேர ஒப்பந்தங்களில், அதாவது பின்னொரு நாளில் கொடுப்பதாக வாக்குக் கொடுத்து, விற்கப்பட்டிருந்தது. அந்த அடிக்குப் பிறகுதான், இருப்பதில் எவ்வளவு ஏற்கெனவே அடுத்தவனுடையது என்றும் நாடுகள் எழுதிக் காட்டவேண்டி வந்தது. படிவத்தின் இரண்டாம் பகுதியில் அடுத்த பன்னிரண்டு மாதங்களில் வெளியேறவேண்டியவை மூன்று நிரல்களாக வரும்: ஒரு மாதத்துக்குள், மூன்று மாதத்துக்குள், மீதி வருடத்துக்குள்.

இந்த வருடம் நாடு கட்டவேண்டிய வெளிநாட்டுக் கடன் கிட்டத்தட்ட 7 பில்லியன் என்கிறார்கள். 3.1ஐ இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சந்தோஷப்பட ஒன்றும் இல்லை.

ஜனவரி 19

நேற்று 500 மில்லியன் டொலர் முறியை (வெளிநாட்டு முதலீட்டாளர்களிடம் பத்திரம் விற்று வாங்கிய கடனை) கட்டி முடித்துவிட்டார்கள். கட்டாதீர்கள், கடனை மறுசீரமைக்கப் பேசுங்கள், அந்தக் காசில் மருந்தும் எரிபொருளும் வாங்குங்கள் என்று பொருளியலாளர்கள் பலர் சொல்லிப் பார்த்தார்கள். எனக்கும் அதே எண்ணம்தான். போன கிழமை இந்திய ரிசர்வ் வங்கி 400 மில்லியன் பரிமாற்று தந்தது. வந்தது ஒரு வாசலால், போனது மறு வாசலால். அந்த 400ம் திருப்பிக் கொடுக்கவேண்டியதுதான், ஆகவே அதுவும் ஏதோ ஒரு நிரலில் ஏறி உட்காரும். அடுத்த பெரியது ஜூலை 25, ஒரு பில்லியன்.

பெப்ரவரி 10

நான் வேலை செய்வது புறக்கோட்டையில், பருப்பு இறக்குமதி செய்யும் இடத்தில். இன்று எல்.சி. (சரக்குக்கான காசுக்கு வங்கி பொறுப்பேற்கும் கடனுறுதிக் கடிதம்) திறக்கலாமா என்று கேட்க வங்கிக்குப் போனேன். அதிகாரி நல்ல மனுஷன், என் முகத்தைப் பார்த்ததுமே தலையை ஆட்டினார். "தம்பி, எண்ணெய்க் கப்பல் நிக்குது, எங்கட டொலர் எல்லாம் அங்கதான் போகுது. அடுத்த கிழமை வந்து பாருங்கோ." போன கிழமையும் இதுதான். ஏற்கெனவே வந்திறங்கிய எங்கள் கொள்கலன் துறைமுகத்தில் கிடக்கிறது, ஆவணத்தை விடுவிக்க டொலர் இல்லை, நாள் வாடகை ஏறிக்கொண்டே போகிறது. அந்த வாடகையும் கடைசியில் பருப்பு விலையில்தான் வந்து விழும்.

வங்கிகளிடம் ஏன் டொலர் இல்லை? வருவதில் ஒரு பங்கை மத்திய வங்கிக்குக் கட்டாயம் விற்கவேண்டும், அது ஒன்று. அதைவிட, உள்ளூர் வங்கிகளின் டொலரை மத்திய வங்கி பரிமாற்று அடிப்படையில் வாங்கி வைத்திருக்கிறது. மேலே ஒதுக்கு என்ற தலைப்பில் அது கூட்டப்படும், கீழே இரண்டாம் பகுதியில் திருப்பிக் கொடுக்கவேண்டியதாகவும் நிற்கும். தவணை வந்ததும் மீண்டும் நீட்டுகிறார்கள். நீட்ட நீட்ட எங்களைப் போன்றவர்களின் எல்.சி. மேசையிலேயே கிடக்கிறது.

வரவும் வற்றிவிட்டது. வெளிநாட்டில் உழைப்பவர்கள் அனுப்பிய பணம் 2020 டிசம்பரில் 813 மில்லியன், 2021 டிசம்பரில் 325 மில்லியன். அவர்களைக் குறை சொல்ல முடியாது. வங்கியில் டொலருக்கு 200 ரூபாவும் மேலே 10 ரூபா ஊக்கத்தொகையும், உண்டியலில் (வங்கிக்கு வெளியே ஆள் மூலம் காசு அனுப்பும் வழியில்) போட்டால் அதைவிட எவ்வளவோ கூட. வீட்டில் பிள்ளை குட்டி இருக்கிறவன் எதில் போடுவான்?

மார்ச் 8

ரூபாவைப் பிடித்திருந்த பிடியை விட்டுவிட்டார்கள். டொலர் 230 ரூபாவுக்கு மேல் போகாது என்று அறிவிப்பு. இவ்வளவு மாதமும் 200இல் பிடித்து வைக்க எரித்த டொலரை நினைத்தால் வயிறு எரிகிறது.

மார்ச் 23

எரிபொருள் வரிசையில் நின்ற வயதானவர்கள் இறந்திருக்கிறார்கள். நிரப்பு நிலையங்களில் இராணுவம் நிற்கிறது. மேல் மாகாணத்தில் தாள் இல்லாமல் தவணைப் பரீட்சை தள்ளிப்போயிற்று. அட்டவணையில் வெறும் எண்ணாக இருந்தது இப்போது தெருவுக்கு வந்துவிட்டது. 230 என்ற எல்லையும் எப்போதோ தாண்டியாயிற்று.

ஏப்ரல் 13

நேற்று நிதி அமைச்சு அறிவித்துவிட்டது: வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவுகள் நிறுத்தம். உலக வங்கி, ஆசிய அபிவிருத்தி வங்கி போன்றவற்றின் கடன் மட்டும் தொடரும். 18ஆம் திகதி கட்டவேண்டிய வட்டி 78 மில்லியன்தான், அதுகூடப் போகாது.

புதிய ஆளுநர் நந்தலால் வீரசிங்க வந்து ஒரு கிழமைகூட ஆகவில்லை. வந்த கையோடு வட்டி வீதத்தை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளி ஏற்றினார். கசப்புத்தான், ஆனாலும் கடன் கட்டுவதை ஜனவரியிலேயே நிறுத்தியிருந்தால் அந்த 500 மில்லியனாவது கையில் மிஞ்சியிருக்கும். அப்போது பேரம் பேசக் கையில் கொஞ்சமாவது இருந்தது, இப்போது வெறுங்கையோடு போய்ப் பேசப்போகிறோம்.

மே 5

நிதி அமைச்சர் அலி சப்ரி நேற்றுப் பாராளுமன்றத்தில் சொன்னார், பயன்படுத்தக்கூடிய ஒதுக்கு 50 மில்லியன் டொலருக்கும் குறைவாம். மார்ச் முடிவுக்கு வெளியான எண் 1.9 பில்லியன்! அதில் சீனப் பரிமாற்று ஏறத்தாழ 1.5. அது கணக்கில் இருக்கும், எண்ணெய்க் கப்பலுக்குக் கொடுக்க உதவாது.

ஒரு மனுஷனாவது சபையில் எழுந்து உண்மையான எண்ணைச் சொன்னாரே என்று ஒரு பக்கம் ஆறுதல். மறுபக்கம், இதை டிசம்பரிலேயே சொல்லியிருக்க வேண்டும் என்ற கோபம் போகவில்லை. இனி ஒவ்வொரு மாதமும் ஒதுக்கு இவ்வளவு என்று அறிவிக்கிற அதே அறிக்கையில், அதே எழுத்தளவில், இதில் தொடக்கூடியது எவ்வளவு, அடுத்த மூன்று மாதத்தில் போகவேண்டியது எவ்வளவு என்று மூன்று மொழியிலும் போடச்சொல்லி மத்திய வங்கிக்கு எழுதப்போகிறேன். நீங்களும் எழுதுங்கள். பத்திரிகையில் இருக்கிற நண்பர்கள் அடுத்த செய்தியாளர் சந்திப்பில் இந்த இரண்டு எண்ணையும் கேளுங்கள்.