சிவப்பு நாக்கு

ஃபிலிம் கேமரா ஆசை வந்தால் முதலில் குறைவது தூக்கம், பணம் அப்புறம்தான். ஒரு மாதம் ராத்திரி முழுக்க வீடியோ பார்த்தேன். ஒலிம்பஸ் மியூ 2 என்றால் விலை மாப்பிள்ளை வீட்டார் கேட்கிற மாதிரி இருக்கிறது. யாஷிகா எலக்ட்ரோ 35 அழகுதான்; ஆனால் அதற்கென்று இருந்த 5.6 வோல்ட் பாதரச பேட்டரி இப்போது தயாரிப்பிலேயே இல்லை. கடைசியில் மனசு நின்றது ஒலிம்பஸ் ட்ரிப் 35-இல். 1967-இல் வந்தது, பேட்டரியே வேண்டாம். லென்ஸைச் சுற்றித் தேன்கூடு மாதிரி ஒரு செலினியம் வளையம். வெயில் பட்டால் அதுவே வெளிச்சத்தை அளந்துகொள்ளும்.

வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டுப் பல்லாவரம் சந்தைக்குப் போனேன். துருப்பிடித்த மிக்ஸி, கீபோர்டு, கிளிக்கூண்டு எல்லாம் தாண்டி, ஒரு பெரியவர் தார்ப்பாய் விரித்து வைத்திருந்த குவியலில் ட்ரிப் 35 ஒன்று படுத்திருந்தது. 2,500 ரூபாய் என்றார். லென்ஸை வானத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். நம்ம ஊர் ஈரக்காற்றுக்குப் பூசணம் பிடிக்காமல் தப்பியிருந்தது ஆச்சரியம்தான்.

அடுத்து, வீடியோவில் படித்த பாடம். வளையத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டு பட்டனை அமுக்கினேன். அமுங்கவில்லை. வியூஃபைண்டருக்குள் சின்னதாக ஒரு சிவப்பு நாக்கு எட்டிப் பார்த்தது. வெளிச்சம் போதாது, எடுக்க மாட்டேன் என்று கேமரா சொல்கிறது. அதாவது செலினியம் வளையம் உயிரோடு இருக்கிறது. எனக்கு உள்ளுக்குள் விசில்.

பெரியவர் முகம் வாடிவிட்டது. "லாக் ஆயிடுச்சா சார்? ரெண்டு தட்டு தட்டினா சரியாயிடும். சரி, 1,200 குடுங்க."

உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. முகத்தை இன்னும் கொஞ்சம் சோகமாக வைத்துக்கொண்டு பணத்தை எண்ணினேன்.

"ரோல் மாட்டிக் காட்டட்டுமா சார்? சுத்தும்போது இந்தக் குமிழும்..."

"தெரியும் தெரியும்" என்று கிளம்பிவிட்டேன். பையில் ரோல் இருந்தது, கேமராவை விட நூறு ரூபாய்தான் குறைவு. அதைத் தார்ப்பாயில் வைத்துப் பிரிக்க மனசு வரவில்லை.

அடுத்த ஞாயிறு குரோம்பேட்டையில் சித்தப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். நல்ல வெளிச்சம் கேட்கிற 200 ஐஎஸ்ஓ ரோல், மண்டபத்து டியூப்லைட். எங்கே திருப்பினாலும் சிவப்பு நாக்கு. விடுவேனா? மாலையும் கழுத்துமாக இருந்த இருவரையும் வாசல் வெயிலுக்கு இழுத்து வந்தேன். ஃபோகஸ் வளையத்தில் தூரத்துக்குத் தூரம் படம் போட்டிருக்கும்: ஒரு தலை, இரண்டு தலை, மூன்று தலை, மலை. தம்பதிக்கு இரண்டு தலை, அத்தைமார்களுக்கு மூன்று தலை. மலைக்கு எங்கள் மாமா ஒருவரே போதும். பட்டுப்புடவைகள் வியர்வையில் நனைய நனைய 36 படம்.

"காட்டுடா" என்றார் சித்தி.

"கழுவணும் சித்தி."

"அப்பவே துடைச்சு எடுத்துட்டு வந்திருக்கக் கூடாதா?"

வீட்டுக்கு வந்து பார்த்தால், எண் 36-ஐத் தாண்டியும் ஃபிலிம் சுற்றுகிற சக்கரம் சுகமாகச் சுற்றிக்கொண்டே போகிறது. ரோல் தீர்ந்தால் இறுகிப் பிடிக்குமே! போர்வைக்குள் புகுந்து, கேமராவைத் திறந்து விரலால் தடவினேன். ஃபிலிமின் நுனி சுருளில் மாட்டவே இல்லை. எந்தப் பக்கமும் நகராமல் முழு ரோலும் டப்பாவுக்குள் பத்திரமாக இருந்தது.

போர்வைக்கு வெளியே அப்பா குரல். எண்பதுகளில் எங்கள் வீட்டு யாஷிகாவுக்கு அவர்தான் ஏகபோக உரிமையாளர்.

"சுத்தும்போது எதிர்ப்பக்கத்துக் குமிழ் கூடவே சுத்துச்சாடா? ஃபிலிம் ஓடினா அது சுத்தும். வித்தவன் சொல்லியிருப்பானே?"

நான் போர்வையை விட்டு வெளியே வரவில்லை.

"சித்தி ரெண்டு தடவை போன் பண்ணிட்டா. ஆல்பம் வாங்கிட்டாளாம், 36 படம் வைக்கிற சைஸ்ல."