தரங்கம்பாடிக் கோட்டையில் ஒரு மத்தியானம்

திருக்கடையூருக்கு அறுபதாம் கல்யாணத்துக்குப் போகிறவர்களில் பலர் பந்தி முடிந்ததும் தரங்கம்பாடிக்கு வண்டியைத் திருப்புவது வழக்கம். பத்து கிலோமீட்டர்கூட இருக்காது. நாங்களும் அப்படித்தான் போனோம்: அண்ணன், அண்ணி, பட்டுப்பாவாடையை மாற்றிக்கொள்ள மறுத்துவிட்ட அவர்கள் மகள், நான்.

டேனிஷ்காரர்கள் 1792-இல் கட்டிய நுழைவாயிலைத் தாண்டினால் நேராகக் கடலுக்குப் போகும் தெரு. 1718-இல் எழுந்த புதிய எருசலேம் ஆலயம் அந்தத் தெருவில்தான் இருக்கிறது. இந்த ஊர்க் காற்றில் ஓசோன் அதிகம், உடம்புக்கு நல்லது என்று பல காலமாக ஒரு பேச்சு. அண்ணியும் காரை விட்டு இறங்கியதுமே மூச்சை நன்றாக இழுத்து விட்டார். தரைமட்டத்தில் ஓசோன் நுரையீரலுக்குக் கெடுதல் என்று அறிவியல் சொல்கிறது. நல்ல நாளில் எதற்கு வம்பு என்று நான் வாயைத் திறக்கவில்லை. எப்படியோ, காற்று அருமையாகத்தான் இருந்தது.

கடலைப் பார்த்தபடி நிற்கும் டான்ஸ்போர்க் கோட்டைதான் அருங்காட்சியகம். 1620-இல் டென்மார்க்கிலிருந்து வந்த ஓவே ஜெட்டே, தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்துகொண்டு கட்டத் தொடங்கியது. எல்லாம் மிளகுக்காக. டென்மார்க் அரசருக்கு நாயக்கர் தங்கத் தகட்டில் தமிழில் ஒரு கடிதம் அனுப்பினார். அதன் அசல் இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. வியாபாரம் செய்ய வந்தவர்கள் நாயக்கருக்கு ஆண்டுதோறும் பணம் கட்டிக்கொண்டுதான் இங்கே இருந்தார்கள். கோட்டை என்றதும் படையெடுத்துப் பிடித்த இடம் என்று நினைத்துக்கொள்கிறோம், இது அப்படியில்லை.

மாடியில் கண்ணாடிப் பெட்டிகள். பீங்கான் பாத்திரங்கள், சீனத் தேயிலை ஜாடிகள், மாக்கல் விளக்குகள், சுடுமண் பொம்மைகள், வாள், ஈட்டி, டேனிஷ் கையெழுத்துப் பிரதிகள். எது எங்கே கிடைத்தது, யார் வைத்திருந்தது என்பதை இன்னும் நாலு வரி எழுதி வைத்திருக்கலாம். ஜாடிக்குப் பக்கத்தில் ‘ஜாடி’ என்று போட்டால் எனக்கு என்ன புரியும்? அண்ணன் மகளுக்கு இந்தக் குறையெல்லாம் இல்லை. திமிங்கில எலும்பைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டாள். துளைதுளையாக, உலர்ந்துபோன சுண்ணாம்புச் சுவர் மாதிரி இருந்தது. “சித்தப்பா, இது நெசமாவே எலும்பா, இல்ல செஞ்சு வச்சதா?” நெசம்தான் என்று மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது.

என்னைக் கேட்டால் பார்க்க வேண்டியது கட்டடத்தைத்தான். மேல்தளத்தில் ஆளுநரும் வணிகர்களும் பாதிரியாரும் குடியிருந்தார்கள், தேவாலயமும் அங்கேதான். கீழ்த்தளத்தில் கிடங்கு, சிப்பாய்கள் தங்குமிடம், சிறை. பெரிய மனிதர்கள் கடல்காற்றில் ஜெபம் செய்துகொண்டிருக்க, நேர் கீழே சரக்கும் கைதியும் பக்கத்துப் பக்கத்து அறையில் கிடந்திருக்கிறார்கள். கீழே இறங்கினால் வெளிச்சம் சட்டென்று குறைகிறது. வளைந்த செங்கல் கூரை, தொட்டால் கையில் பொடி ஒட்டும் சுவர், வௌவால் வாடை. அண்ணி வாசலோடு நின்றுகொண்டார்.

தமிழ் அச்சுக்குப் பேர்போன சீகன்பால்கு இதே கோட்டையில்தான் சிறை இருந்தார். 1706-இல் டென்மார்க் அரசர் மதப் பிரசாரத்துக்கு அனுப்பிய ஜெர்மன் பாதிரியார். அதே அரசரின் கொடி பறந்த கோட்டையின் ஆளுநருக்கு அவரைக் கண்டாலே ஆகவில்லை. 1708 கடைசியில் பிடித்து உள்ளே போட்டார், வெளியே வர நான்கு மாதம் ஆனது. சில வருடங்களில் அச்சு இயந்திரம் வந்து, 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு முழுவதும் அச்சேறிவிட்டது. தமிழில் அச்சுப் புத்தகம் அதற்கு முன்பே உண்டு என்றாலும், அச்சு வேலை இங்கே ஊன்றி நின்றதுபோல முன்பு நிற்கவில்லை. ஊருக்குள் அவர் வாழ்ந்த வீட்டைத் தனி அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள். அச்சுக்கலையில் ஆர்வம் இருந்தால் அதையும் பார்த்துவிடுங்கள்.

1845-இல் டேனிஷ்காரர்கள் இந்த ஊரை வங்காளத்து செராம்பூரையும் சேர்த்து பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டார்கள். கொஞ்ச காலம் தஞ்சாவூர் மாவட்டக் கலெக்டர் இங்கே உட்கார்ந்திருந்தார். 1860-இல் அவரும் தஞ்சாவூருக்குப் போய்விட்டார், ரயில் நாகப்பட்டினத்துக்குப் போனது. ஊர் அப்படியே அடங்கிவிட்டது. கோட்டையோ சுதந்திரத்துக்குப் பிறகு 1978 வரை அரசாங்கத்தின் பயணியர் விடுதி! சுற்றுப்பயணம் வந்த அதிகாரிகள் ஆளுநர் தூங்கிய தளத்தில் தூங்கி எழுந்து போயிருக்கிறார்கள். அந்தக் காலத்து வருகைப் பதிவேடு ஒன்று கிடைத்தால் ஜாடிகளுக்கு நடுவே வைக்கலாம். நான் முதலில் அதைத்தான் படிப்பேன்.

வெளியே வந்து வடக்கே நடந்தால் மாசிலாமணிநாதர் கோயில். 1306-இல் மாறவர்ம குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. டேனிஷ்காரர்கள் வருவதற்கு முந்நூறு வருடத்துக்கு முன்பே இது குலசேகரன்பட்டினம் என்ற பேரோடு இருந்த ஊர் என்பது இந்தக் கோயில் கல்வெட்டில் இருக்கிறது. கோட்டையை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்புகிறவர்களுக்கு, ஊர் 1620-இல்தான் பிறந்தது என்று தோன்றிவிடும்.

வெள்ளிக்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. மற்ற நாட்களில் நாலு மணிக்குள் உள்ளே போய்விடுங்கள், கீழ்த்தளத்தில் அதற்கு மேல் எதுவும் தெரியாது. பேருந்தில் வருகிறவர்கள் மயிலாடுதுறையில் ஏறிப் பொறையாறில் இறங்கினால் போதும், அங்கிருந்து ஆட்டோ கிடைக்கும்.