சாந்தோரோவின் மாயாஜாலம்

பிரெஞ்சு டென்னிஸ் வீரர் ஃபாப்ரிஸ் சாந்தோரோவின் பழைய ஆட்டங்களைப் பார்க்க உட்கார்ந்தால் நேரம் போவதே தெரியாது. பலரும் ஒரு கையால் ஆடும் ஃபோர்ஹேண்டையும் (மட்டை பிடிக்கும் கையின் பக்கம் வரும் பந்தை அடிப்பது) இரண்டு கையால்தான் ஆடுவார். அடிப்பது என்றுகூடச் சொல்ல முடியாது, பந்தை லேசாகச் சீவி விடுவார். அது எதிராளியின் முழங்காலுக்குக் கீழேயே தங்கிவிடும். பாவம் மராட் சாஃபின்! உலகின் முதலிடத்தில் இருந்தவர், இவரோடு மோதிய 9 ஆட்டங்களில் 7-இல் தோற்றார்.

2004 பிரெஞ்சு ஓப்பனில் சக நாட்டவர் அர்னோ கிளெமோனோடு 6 மணி 33 நிமிடம் ஆடினார். முதல் நாள் இருட்டிவிட, மறுநாளும் தொடர்ந்து, ஐந்தாவது செட்டை 16-14 என்று முடித்தார். அப்போது அவருக்கு வயது 31!

ஒற்றையரில் கிராண்ட்ஸ்லாம் (டென்னிஸின் நான்கு பெரிய போட்டிகள்) பட்டம் கிடையாது, ஒரே ஒரு காலிறுதிதான். இரட்டையரில் மிக்கேல் லோட்ராவோடு ஆஸ்திரேலிய ஓப்பனை 2003, 2004 என இரண்டு முறை வென்றார். எனக்கென்னவோ, பட்டம் குவித்த பலரைவிட இவர் ஆட்டம்தான் சுவாரசியம்.