ஒரே பீன், மூன்று ஆப்ஜெக்ட்

புத்தகங்களைப் பட்டியலிட ஸ்பிரிங் பூட்டில் (ஜாவா செயலிகளை எழுத உதவும் கட்டமைப்பு) நான் எழுதிவரும் சிறு செயலி, இந்த வாரம் இரண்டு இரவுகளை எடுத்துக்கொண்டது. புத்தகத்தைச் சேர்த்தால் "சேர்க்கப்பட்டது" என்று பதில் வருகிறது. உடனே தேடினால் அது இல்லை. பிழைச் செய்தியும் கிடையாது.

தரவுத்தளத்தை இன்னும் இணைக்கவில்லை. நினைவகத்தில் தரவை வைக்கும் ஹாஷ்மேப் ஒன்றை வைத்திருக்கும் சேமிப்பகம், சேர்க்கும் சேவை, தேடும் சேவை ஆகிய மூன்றுக்கும் ஒரே வகுப்பில் @பீன் மெத்தட்கள், அதாவது ஸ்பிரிங் பராமரிக்கும் ஆப்ஜெக்டுகளை (பீன்களை) உருவாக்கித் தரும் மெத்தட்கள். சேவைகளுக்கான இரண்டு மெத்தட்களும் சேமிப்பக மெத்தட்டை நேரடியாக அழைத்தன. பீன் இயல்பாகவே சிங்கிள்டன்தானே (செயலி முழுவதற்கும் ஒரே ஆப்ஜெக்ட்), எத்தனை முறை அழைத்தாலும் ஒன்றுதான் வரும் என்று உறுதியாக நம்பியிருந்தேன்.

ஆப்ஜெக்ட் உருவாகும்போதெல்லாம் ஓடும் கன்ஸ்ட்ரக்டரில், சேமிப்பகத்துக்கு ஒரு வரி அச்சிட வைத்துப் பார்த்தேன். செயலி தொடங்கும்போது அந்த வரி மூன்று முறை வந்தது! பீன்களை வைத்திருக்கும் ஸ்பிரிங்கின் கண்டெய்னரிடம் ஒன்று, சேர்க்கும் சேவையிடம் ஒன்று, தேடும் சேவையிடம் இன்னொன்று. ஒன்றில் எழுதி, வேறொன்றில் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

காரணம் வகுப்பின் தலைப்பிலேயே இருந்தது. @கான்ஃபிகரேஷன் இருக்க வேண்டிய இடத்தில் @காம்பொனென்ட் என்று எழுதியிருந்தேன். @கான்ஃபிகரேஷன் என்றால், ஸ்பிரிங் இயங்கும்போதே அந்த வகுப்புக்கு ஒரு துணை வகுப்பை உருவாக்குகிறது. பீன் மெத்தட்டை யார் அழைத்தாலும் இடைமறித்து, கண்டெய்னரில் ஏற்கெனவே இருக்கும் ஆப்ஜெக்டைத் தருகிறது. @பீன் மெத்தட்கள் ஃபைனலாக (துணை வகுப்பு மாற்றி எழுத முடியாதபடி) இருக்கக் கூடாது என்ற விதி ஏன் என்பதும் அப்போதுதான் விளங்கியது. @காம்பொனென்டில் இந்த இடைமறிப்பு இல்லை. அது வெறும் ஜாவா அழைப்பு, ஒவ்வொரு முறையும் புதிய ஆப்ஜெக்ட்.

அந்த அனோட்டேஷனை (@ குறிப்பை) மாற்றியதும் ஒரே வரி வந்தது. ஆனாலும் அத்துடன் விட மனம் வரவில்லை. ஒரு சொல் மாறினால் உடைகிற அமைப்பு எனக்கு வேண்டாம். நேரடி அழைப்புகளை நீக்கிவிட்டு, சேவை மெத்தட்கள் சேமிப்பகத்தைப் பாராமீட்டராகப் பெறும்படி எழுதினேன். பிறகு, ஸ்பிரிங் ஃபிரேம்வொர்க் 5.2 பதிப்பில் வந்த 'ப்ராக்ஸி பீன் மெத்தட்ஸ்' அமைப்பை ஃபால்ஸ் ஆக்கி இடைமறிப்பை அணைத்துப் பார்த்தேன். அப்போதும் ஒரே வரிதான். இந்த வழிதான் எனக்குப் பிடித்திருக்கிறது: எந்தச் சேவைக்கு எது தேவை என்பது மெத்தட்டின் முதல் வரியிலேயே தெரிகிறது.

நேற்று கோப்பில் எழுதும் இரண்டாவது சேமிப்பகத்தையும் சேர்த்தேன். ஒரே இன்டர்ஃபேஸுக்கு இரண்டு பீன்கள், எதைத் தருவது என்று தெரியாமல் செயலி தொடங்கவே மறுத்தது. இயல்பாகத் தேர்வாகும்படி கோப்புச் சேமிப்பகத்துக்கு @பிரைமரி கொடுத்தேன். நினைவகச் சேமிப்பகம் வேண்டிய இடத்தில் மட்டும், பெயர் சொல்லிக் கேட்க @குவாலிஃபையர். இந்த முறை பத்தே நிமிடம்.