நான் உள்ள வந்தா வீடு அமைதியாயிடும்

ரொம்ப நாளா இதை எழுதணும்னு நினைச்சு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்தேன். சொந்தக்காரங்க யாராவது படிச்சிடுவாங்களோன்னு ஒரு தயக்கம். படிச்சா படிக்கட்டும். என்னை மாதிரி இருக்குற ஒருத்தராவது ஒரு மாசம் முன்னாடியே டாக்டரைப் பார்க்கப் போனாங்கன்னா எனக்கு அது போதும்.

ஒரு நாலு வருஷமா, ஆபீஸ் முடிஞ்சு நான் வீட்டுக்குள்ள நுழைஞ்சா வீடு அமைதியாயிடும். டிவி சத்தம் குறையும், பொண்ணும் பையனும் சண்டை போட்டுக்கிட்டு இருந்தா அப்படியே நிறுத்திட்டு ஆளுக்கொரு பக்கமா போயிடுவாங்க, மனைவி கேட்க வேண்டியதை எல்லாம் சாப்பாட்டுக்கு அப்புறம் கேட்டுக்கலாம்னு வச்சுக்குவாங்க. நான் அதை மரியாதைன்னு நினைச்சேன். அப்பா களைச்சுப் போய் வர்றாரு, தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு புள்ளைங்க புரிஞ்சு நடந்துக்குதுங்கன்னு உள்ளுக்குள்ள ஒரு பெருமை கூட இருந்துச்சு.

ஒரு நாள் தலைவலின்னு மத்தியானமே வந்து உள் ரூம்ல படுத்திருந்தேன். ஸ்கூல் விட்டு வந்த புள்ளைங்களுக்கு நான் வீட்ல இருக்கேன்னு தெரியாது. பொண்ணுக்கு அப்போ எட்டு வயசு, பையனுக்கு அஞ்சு. அவ தம்பிக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுக்குற மாதிரி பொறுமையா சொல்லிக்கிட்டு இருக்கா, "அப்பா செருப்பை மெதுவா கழட்டினா நீ போய் பேசலாம், தூக்கிப் போட்ட சத்தம் கேட்டா பேசாத, நேரா ரூமுக்கு வந்துடு". அவன் திருப்பிக் கேக்குறான், "சத்தமே கேக்கலன்னா?" "அப்போ நான் போய் பார்த்துட்டு வந்து சொல்றேன்".

எழுந்திரிக்கவே முடியல. ரொம்ப நேரம் அப்படியே கிடந்தேன்.

அன்னிக்கு ராத்திரி மனைவிகிட்ட கேட்டேன், புள்ளைங்க என்னைப் பார்த்து பயப்படுறாங்களான்னு. கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "ஆபீஸ்ல இருந்து போன் வந்தா மட்டும் உங்க குரல் மாறிடுதுங்க. அந்தக் குரல்ல எங்ககிட்ட பேசி எவ்ளோ நாளாச்சு தெரியுமா"ன்னு சொன்னாங்க. கோவமா சொல்லல. கோவமா சொல்லியிருந்தா நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பிச்சிருப்பேன்.

அவங்க சொன்னது நூத்துக்கு நூறு உண்மை. ஆபீஸ்ல நான் தான் பொறுமைசாலி. கோவமா கத்துற கஸ்டமரை என்கிட்ட தான் மாத்தி விடுவாங்க, நான் தன்மையா பேசி சமாளிச்சுடுவேன். ஒன்பது மணி நேரம், பத்து மணி நேரம் அப்படியே முகத்தை வச்சுக்கிட்டு இருக்குறது. இதுவும் ஒரு உழைப்பு தான்னு அப்புறமா படிச்சு தெரிஞ்சுக்கிட்டேன். ஆர்லி ஹாக்‌ஷில்டுன்னு ஒரு அமெரிக்க சமூகவியல் பேராசிரியர், விமானப் பணிப்பெண்களோட வேலையை எல்லாம் கவனிச்சு, சம்பளத்துக்காக உணர்ச்சியை அடக்கி வேற முகம் காட்டுறதுக்கு 1983லயே உணர்வு உழைப்புன்னு பேர் வச்சிருக்காங்க. மூட்டை தூக்குறவருக்கு தோள் வலிக்கும்னு எல்லாருக்கும் தெரியும், நாள் முழுக்க சிரிச்சுக்கிட்டே இருக்குறவனுக்கு எங்க வலிக்கும்னு யாரும் கேக்குறதில்ல. எனக்கு அந்த வலி சாயங்காலம் வீட்டு வாசல்ல தான் வெளிய வந்துச்சு, அதை வாங்கிக்கிட்டது எனக்கு எந்தத் தப்பும் செய்யாத மூணு பேர்.

ஆனா எல்லாத்தையும் ஆபீஸ் தலையில கட்டிட முடியாதுன்னும் ஒரு கட்டத்துல புரிஞ்சுது. கூட வேலை பார்க்குற நண்பன், "மச்சான், எல்லாருக்கும் தான் ஸ்ட்ரெஸ், ஒரு பத்து நாள் லீவு போடு, சரியாயிடும்"னான். போட்டேன். மொத மூணு நாள் தூங்கினேன். அஞ்சாவது நாள் பையன் தண்ணியைக் கொட்டிட்டான்னு நான் போட்ட கூச்சல்ல அவன் டம்ளரைக் கீழ வைக்கக் கூட பயந்து கையிலயே பிடிச்சுக்கிட்டு நின்னான். அப்போ ஆபீஸும் இல்ல, போனும் இல்ல, கஸ்டமரும் இல்ல. எங்க அம்மா போன்ல, "உனக்கு என்னடா குறைச்சல்?"னு கேட்டாங்க. அதையே தான் நானும் என்னைக் கேட்டுக்கிட்டு இருந்தேன், பதில் தான் கிடைக்கல.

பர்ன்அவுட்டுன்னு இப்போ எல்லாரும் சொல்றாங்களே, அதை உலக சுகாதார நிறுவனம் 2019ல விளக்கும்போது அது நோய் இல்ல, சரியா கையாளப்படாத வேலை அழுத்தத்தால வர்ற நிலைன்னு தான் சொன்னாங்க. உடம்பும் மனசும் காலியாகிப் போறது, வேலை மேலயே ஒரு வெறுப்பு, எதையும் ஒழுங்கா செய்யலைங்குற நினைப்பு, இந்த மூணும் அதுல வரும். அந்த வார்த்தையை வேலைக்கு மட்டும் தான் பயன்படுத்தணும்னும் சேர்த்தே சொல்லியிருக்காங்க. எனக்கு லீவுல, வீட்ல, புள்ளைங்க சிரிக்கிறப்போ கூட உள்ள ஒண்ணுமே ஓடல. அதனால இது அதைத் தாண்டின ஒண்ணா இருக்கும்னு மனைவிக்கு தான் முதல்ல தோணுச்சு, அவங்க தான் இழுத்துக்கிட்டுப் போனாங்க.

முதல்ல போனது எங்க வழக்கமான டாக்டர்கிட்ட. அவர் ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தாரு, தைராய்டும் பி12 விட்டமினும் பார்த்தாங்க. தைராய்டு கம்மியா சுரந்தா கூட இதே சோர்வு, இதே மந்தம் வரும், அதைப் பார்க்காம மனசுன்னு முடிவு பண்ணக் கூடாதுன்னு சொன்னாரு. ரெண்டும் சரியா இருந்துச்சு. அப்புறம் மனநல டாக்டர். டிப்ரஷன், அதாவது மனச்சோர்வு இருக்கான்னு பார்க்க அவங்க ஒரு பேப்பர் கொடுத்தாங்க, ஒன்பது கேள்வி, கடைசி 2 வாரத்துல இது எத்தனை நாள் இருந்துச்சுன்னு 0ல இருந்து 3 வரைக்கும் போடணும், மொத்தம் 27. தூக்கம், பசி, களைப்பு, எதுலயும் நாட்டமில்லாம போறது, தன்னைத் தானே மோசமா நினைக்கிறது, கவனம் நிக்காதது, இப்படிப் போகுது. எனக்கு 16 வந்துச்சு. 10 வந்தாலே கவனிக்கணுமாம். மார்க்கை மட்டும் வச்சு நோய்னு சொல்லிட மாட்டாங்க, அதுக்கப்புறம் ஒரு மணி நேரம் உக்கார வச்சு பேசினாங்க.

நான் எதிர்பார்க்காதது என்னன்னா, அந்த ஒன்பது கேள்வில கோவமே இல்ல. நான் கோவத்துக்காக போயிருக்கேன், பேப்பர்ல அதைப் பத்தி ஒரு வார்த்தை கிடையாது. டாக்டர்கிட்டயே கேட்டேன். டிப்ரஷன் நிறைய பேருக்கு, முக்கியமா ஆம்பளைங்களுக்கு, எரிச்சலா தான் வெளிய தெரியும், அழுகையை எதிர்பார்த்துக்கிட்டு இருக்குறதால வீட்ல இருக்குறவங்களுக்கும் பிடிபடாது, அந்த ஆளுக்கே பிடிபடாதுன்னு சொன்னாங்க. நான் நாலு வருஷத்துல ஒரு தடவை கூட அழல. அழாததால எனக்கு ஒண்ணும் இல்லைன்னு நினைச்சேன். இதைப் படிக்கிறவங்க வேற எதை மறந்தாலும் இதை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க, வீட்ல ஒருத்தர் முன்ன மாதிரி இல்லாம எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழுறாருன்னா, திமிரு, குணம் மாறிப்போச்சுன்னு முடிவு கட்டுறதுக்கு முன்னாடி அவரு எப்படித் தூங்குறாருன்னு கவனிங்க.

ஒன்பதாவது கேள்வி உயிரோட இருக்க வேண்டாம்னு தோணுதாங்குறதைப் பத்தினது. மனைவி பக்கத்துல உக்காந்திருந்தாங்க. நான் எதுவும் திட்டம் போட்டதில்ல, ஆனா காலைல முழிப்பே வராம இருந்தா நல்லா இருக்கும்னு பல நாள் நினைச்சிருக்கேன். அதை எழுதினேன். டாக்டர் மழுப்பாம நேரடியா கேட்டாங்க, எப்போ இருந்து, எவ்ளோ அடிக்கடி, ஏதாவது செய்யணும்னு தோணியிருக்கான்னு. கேக்குறதால அந்த எண்ணம் புதுசா வந்துடும்னு நிறைய பேர் பயப்படுறாங்க, அப்படி வராது. எனக்கு யாரோ கேட்டுட்டாங்கன்னு ஒரு பாரம் இறங்கின மாதிரி தான் இருந்துச்சு. உங்களுக்கு அந்த நினைப்பு இருந்தா இன்னிக்கே ஒருத்தர்கிட்ட சொல்லுங்க, அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.

மாத்திரை பத்தி சுருக்கமா சொல்லிடறேன். மொத வாரம் குமட்டல், தூக்கம் கெட்டுப்போச்சு, பலன் தெரிய ஆரம்பிக்கவே ரெண்டு மூணு வாரம் ஆச்சு. இடையில சரியாயிடுச்சுன்னு நாமளா திடீர்னு நிறுத்தக் கூடாது, நல்லானதுக்கு அப்புறமும் குறைஞ்சது 6 மாசம் சாப்பிடணும்னு சொல்லியிருக்காங்க. நான் இன்னும் சாப்பிடுறேன், அதுல மறைக்க எதுவும் இல்ல.

கவுன்சிலிங் தான் எனக்கு நிறைய திறந்து விட்டுச்சு. கத்துறதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி உங்க உடம்புல என்ன நடக்குதுன்னு கவுன்சிலர் அம்மா கேட்டாங்க. எனக்குத் தெரியல. ஒரு வாரம் கவனிச்சுட்டு வந்து சொன்னேன், பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கேன், தோள் ரெண்டும் காது பக்கமா ஏறி நிக்குது, அதுவும் வீட்டுக்கு வந்து இல்ல, வண்டி ஓட்டும்போதே. அதாவது வீட்ல யாரும் ஒரு வார்த்தை பேசுறதுக்கு முன்னாடியே நான் சண்டைக்குத் தயாராகி வந்திருக்கேன். அப்போ இருந்து வீட்டு வாசல்ல வண்டியை நிறுத்திட்டு பத்து நிமிஷம் உக்காந்துட்டு தான் உள்ள போறேன். மொதல்ல அந்த நேரத்துல போன் பார்த்தேன், அது வேலைக்கு ஆகல, ஆபீஸ் மெயில் தான் கண்ணுல பட்டுச்சு. இப்போ போனை உள்ள வச்சுட்டு இன்னிக்கு என்ன உணர்ச்சின்னு பேர் வைக்கிறேன். உணர்ச்சிக்கு ஒரு பேர் வச்சாலே மூளைல அச்சத்தைக் கையாளுற பகுதி கொஞ்சம் அடங்குதுன்னு 2007ல ஸ்கேன் எடுத்துப் பார்த்து சொல்லியிருக்காங்க. எரிச்சல்னு பொதுவா சொன்னா அந்தம்மா விட மாட்டாங்க, எரிச்சலுக்கு அடியில என்னன்னு கேப்பாங்க. தோண்டிப் பார்த்தா பாதி நாள் அது அவமானம். ஜூனியர் பசங்க முன்னாடி மீட்டிங்ல ஒரு வார்த்தை வாங்கியிருப்பேன், சிரிச்சுக்கிட்டே சரிங்க சார்னு சொல்லியிருப்பேன். அந்த அவமானத்தை வீட்ல கோவமா மாத்தி செலவு பண்ணியிருக்கேன்.

பொண்ணுகிட்ட மன்னிப்பு கேட்டது தான் எல்லாத்தையும் விட கஷ்டம். என்ன சொல்லணும்னு ரெண்டு நாள் யோசிச்சேன். "ஆனா நீயும்"ங்குற வார்த்தையே வரக் கூடாதுன்னு முடிவு பண்ணிக்கிட்டேன். உக்கார வச்சு, அப்பா நிறைய கத்திட்டேன், அது தப்பு, அப்பாவுக்கு உடம்பு சரியில்லாத மாதிரி மனசு சரியில்ல, டாக்டர்கிட்ட போறேன்னு சொன்னேன். அவ ரொம்ப நேரம் என் சட்டை பட்டனையே பார்த்துக்கிட்டு இருந்துட்டு கேட்டா, "அப்போ நாங்க சத்தம் போட்டதால இல்லையாப்பா?"

நாலு வருஷமா அது தன் தப்புன்னு நினைச்சு அந்தப் புள்ள வாழ்ந்திருக்கு. நாம சொல்லலன்னா புள்ளைங்க காரணத்தைத் தனக்குள்ளயே தேடிக்கும்னு அப்புறம் கவுன்சிலர் சொன்னாங்க. இப்போ மோசமான நாளா இருந்தா உள்ள நுழைஞ்ச உடனே சொல்லிடறேன், இன்னிக்கு அப்பாவுக்கு ஆபீஸ்ல சரியில்ல, உங்க மேல எதுவும் இல்ல, அரை மணி நேரம் கொடுங்கன்னு. பெரியவங்க பேச்சு புள்ளைங்களுக்கு எதுக்குன்னு வீட்ல சிலர் சொன்னாங்க. நான் அதை ஒத்துக்கல. செருப்பு சத்தத்தைக் கேட்டு கண்டுபிடிக்கத் தெரிஞ்ச புள்ளைக்கு வாயால சொன்னா புரியாதா.

ஆபீஸ்லயும் பேசினேன். எல்லாத்தையும் சொல்லல, ராத்திரி எட்டு மணிக்கு மேல போன் எடுக்க மாட்டேன், கத்துற கஸ்டமர் போன் எல்லாம் எனக்கே வராம பிரிச்சுக் கொடுங்கன்னு மட்டும் கேட்டேன். பாதி நடந்துச்சு, பாதி நடக்கல. மூச்சுப் பயிற்சி பண்ணுங்க, பாசிட்டிவா இருங்கன்னு மெயில் அனுப்புறதோட கம்பெனிங்க கடமை முடிஞ்சிடுதுன்னு நினைக்கிறது எனக்கு ரொம்ப வருத்தம். மூணு பேர் வேலையை ஒருத்தன் செஞ்சா எந்த மூச்சுப் பயிற்சியும் அதை ஈடுகட்டாது. உலக சுகாதார நிறுவனமே 2022ல வேலையிட மனநலத்துக்கு வெளியிட்ட வழிகாட்டுதல்ல வேலைச் சூழலை மாத்துங்க, மேனேஜர்களுக்குப் பயிற்சி கொடுங்கன்னும் சொல்லியிருக்கு.

மனைவியைப் பத்தி ஒண்ணு சொல்லணும். நான் தேறி வர வர அவங்களுக்கு தான் தூக்கம் வராம போச்சு. இத்தனை நாள் எல்லாரையும் தாங்கிப் பிடிச்சிருந்த ஆளு, நான் கொஞ்சம் நிமிர்ந்ததும் அவங்க உடைஞ்சாங்க. "சாயங்காலம் ஆறு மணி ஆனாலே இப்பவும் எனக்கு நெஞ்சு படபடன்னு அடிக்குதுங்க"ன்னு ஒரு நாள் சொன்னாங்க. அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. அவங்களும் இப்போ தனியா கவுன்சிலிங் போறாங்க, அந்த ஒரு மணி நேரம் புள்ளைங்க என்கூட இருப்பாங்க.

இன்னும் முழுசா சரியாகல. போன வாரம் கூட ஒரு நாள் குரல் ஏறிடுச்சு, பையன் உடனே ரூமுக்குப் போயிட்டான். பின்னாடியே போய் கதவுக்கு வெளிய உக்காந்து அவன் திறக்குற வரைக்கும் இருந்தேன். இருபது நிமிஷம் ஆச்சு.

நேத்து சாயங்காலம் செருப்பைக் கூட கழட்டல, ரெண்டும் வாசலுக்கு ஓடி வந்து ரிமோட் யாரு உடைச்சதுன்னு ஒரே நேரத்துல கத்த ஆரம்பிச்சுட்டாங்க, இவன் அவளைச் சொல்றான், அவ இவனைச் சொல்றா, உள்ள இருந்து மனைவி முதல்ல அவரை உள்ள விடுங்கன்னு சத்தம் போடுறாங்க, யாரும் நிறுத்தல.