ஃபீஸை விடுங்க, போனஃபைடைப் பாருங்க

2020 நவம்பர். மழை விட்டபாடில்லை. ரப்பர் மரத்தின் பட்டை நனைந்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் அப்பாவுக்குக் கூலி இல்லை. அந்த வாரம்தான் சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் எனக்கு எம்.பி.பி.எஸ். கவுன்சலிங். ரயில் டிக்கெட்டே கடன் வாங்கி எடுத்தது.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத ஒதுக்கீடு வந்த முதல் வருஷம். தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தும், ஃபீஸுக்கு எங்கே போவது என்று வேண்டாமென விட்டுவந்தவர்கள் உண்டு. கல்வி, விடுதிக் கட்டணங்களை அரசே ஏற்கும் என்ற அறிவிப்பு அதற்குப் பிறகுதான் வந்தது. அதனால் இப்போது சாய்ஸ் நிரப்பும்போது பணத்துக்குப் பயந்து எந்தக் கல்லூரியையும் விட்டுவிடாதீர்கள். எனக்கு நம்ம ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியே கிடைத்தது அதிர்ஷ்டம்.

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் சிக்கல் வேறு இடத்தில். இங்கே தடுக்கி விழுந்தால் ஒரு மிஷன் பள்ளிக்கூடம். "வாத்தியாருக்கு சர்க்கார்தானே சம்பளம் குடுக்கு, அப்பம் அதுவும் சர்க்கார் பள்ளிக்கூடம்தானே மக்களே" என்பார் அப்பா. இல்லை. உதவிபெறும் பள்ளி கணக்கில் வராது. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை முழுக்க அரசுப் பள்ளியாக இருக்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தில் எட்டு வரை தனியாரில் படித்து, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு மட்டும் விலக்கு. என் சித்தி மகன் எட்டு வரை மிஷன் பள்ளி, பிறகு அரசுப் பள்ளி. நீட்டில் என்னைவிட மார்க் அதிகம். ஒதுக்கீட்டுக்குள் வர முடியவில்லை. இந்த 7.5 சதவீத ஒதுக்கீட்டுச் சட்டம் செல்லும் என்று 2022-இல் உயர் நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆகவே இதை பிளஸ் டூ பிள்ளைகளைவிட ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் அம்மா அப்பா படித்தால்தான் பிரயோஜனம்.

நான் இரண்டு அரசுப் பள்ளிகளில் படித்தவள். அங்கே படித்தேன் என்று ஒரு பள்ளி தந்த போனஃபைடு சான்றிதழில் இனிஷியல் விட்டுப்போயிருந்தது. கவனித்தது கிளம்புவதற்கு முந்தின நாள். தலைமையாசிரியர் வீட்டு வாசலில் குடையோடு நின்றேன். நீட் ரிசல்ட் வரும்வரை காத்திருக்காமல் முன்னாலேயே வாங்கி, ஆதார், மார்க்‌ஷீட்டோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பாருங்கள்.

கோட்டு, ஸ்டெதஸ்கோப், பஸ் காசு நம்ம பாடு. சீனியர்களிடம் கேட்டால் பழைய புத்தகம் கிடைக்கும்.

ஹவுஸ் சர்ஜன், அதாவது பயிற்சி டாக்டர் ஆனபிறகு ஒரு விடியற்காலை, ரப்பர் பால்வெட்டப் போன இடத்தில் பாம்பு கடித்து ஒருவரைக் கொண்டுவந்தார்கள். தலையில் கட்டிய டார்ச் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. எப்போது கடித்தது என்று டூட்டி டாக்டர் கேட்டதற்கு அவருக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. "எத்தனாவது மரம் வெட்டும்போ கடிச்சு?" என்று கேட்டேன். உடனே சொன்னார். அதை வைத்து நேரத்தைக் கணக்குப் போட்டோம்.

அடுத்து என்ன என்று கேட்பவர்களுக்கு: முதுநிலையில் மாநில ஒதுக்கீட்டு இடங்களில் பாதி அரசுப் பணியில் இருக்கும் மருத்துவர்களுக்கு. அதற்கு முதலில் எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) தேர்வெழுதி அரசு வேலைக்குள் நுழைய வேண்டும். நைட் டூட்டிக்கு நடுவே நானும் அதற்குத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன்.